கலயமும் சுண்ணாம்பும்: தென்னார்க்காட்டில் நொதிகலன்களின் வரலாறு

கள்ளும் பதநீரும் ஒரே பனையின் ஒரே பாளையிலிருந்து வடிபவை. பாளையின் நுனியில் கட்டப்படும் மண்கலயத்தின் உட்சுவர்தான் இரண்டையும் வேறாக்குகிறது. சுவரில் சுண்ணாம்பு பூசியிருந்தால் விடியும்போது கலயத்தில் இருப்பது பதநீர். பூசாவிட்டால் அது கள். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், அதாவது திருப்பாதிரிப்புலியூரும் மஞ்சக்குப்பமும் அடங்கிய கடலூர் தொடங்கிச் சிதம்பரம், விழுப்புரம், கள்ளக்குறிச்சி வரை பரந்திருந்த நிலப்பகுதியில், இந்த வெள்ளைப் பூச்சு ஒரு தொழில் நுணுக்கமாக மட்டும் நிற்கவில்லை. எந்த மரத்துக்கு வரி, எந்த மரத்துக்கு விலக்கு, மரமேறுபவர் தொழிலாளியா குற்றவாளியா என்பதையெல்லாம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அதுவே தீர்மானித்து வந்துள்ளது.

வீட்டில் பீர் காய்ச்சப் பழகுபவர்கள் முதலில் கற்றுக்கொள்வது இரண்டு: நொதிக்கும் கலன் எப்படி இருக்க வேண்டும், அதில் வேண்டாத நுண்ணுயிர் வராமல் காப்பது எப்படி. தமிழ்நாட்டில் இவ்விரு கேள்விகளுக்கும் பழைய விடைகள் உண்டு. அவற்றுள் ஒன்று சங்க நூலிலேயே செய்முறையாகப் பதிவாகியிருக்கிறது.

பிழாவும் சாடியும்

பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மீது பாடியது. காஞ்சிபுரத்துக்குச் செல்லும் பாணன் வழியில் காணும் ஊர்களை அது வரிசையாகச் சொல்கிறது. வலைஞர் குடியிருப்புக்கு வரும்போது, அவர்கள் வீட்டில் நெற்கள் ஆக்கும் முறையைப் படிப்படியாக விவரிக்கிறது. குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். அகன்ற வாயுடைய பிழா என்னும் தட்டில் அதைக் கொட்டி ஆற வைக்கிறார்கள். அதில் நல்லடை என்ற ஒன்றைக் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, உறுதியான வாயுள்ள சாடியில் விளைந்ததை வெந்நீரோடு சேர்த்து விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். சுட்ட மீனோடு விருந்தாளிக்கு அது தரப்படுகிறது.

இந்தச் சில அடிகளில் இரண்டு கலன்கள் இருப்பது கவனிக்க வேண்டியது. ஆற வைப்பதற்கு வாயகன்றது, விளைய வைப்பதற்கு வாய் ஒடுங்கி உறுதியானது. கொதித்த களியை உடனே சாடியில் ஊற்றினால் அந்தச் சூட்டில் நொதிப்பிக்கும் உயிர் செத்துவிடும். மெல்ல ஆறும்படி நெடுநேரம் விட்டால் காற்றிலிருந்து வேறு உயிர்கள் குடியேறிவிடும். வாயகன்ற தட்டில் பரப்பினால் விரைவாக ஆறும். நொதிக்கத் தொடங்கியபின் வாய் ஒடுங்கிய கலனில் உள்ளிருந்து கிளம்பும் கரியமில வாயு மேலே தங்கி, வெளிக்காற்றைத் தடுக்கும். இன்றைய பீர் காய்ச்சுநர்களும் இதே காரணங்களுக்காகத்தான் குளிர்விக்கும் கலனையும் நொதிக்கும் கலனையும் பிரித்து வைக்கிறார்கள்.

நல்லடை என்ன என்பதில்தான் சுவையான சிக்கல் இருக்கிறது. முளைநெல்லை இடித்துச் செய்த அடை என்றே வழக்கமாகப் பொருள் கொள்ளப்படுகிறது. அப்படியானால் அது ஐரோப்பியப் பீருக்கு வாற்கோதுமை முளை செய்யும் வேலையைச் செய்திருக்கும்: முளைக்கும் தானியத்தில் சுரக்கும் நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும். ஆனால் நூல் அந்த அடைக்குச் சொல்லும் உவமை பாம்பு குடியிருக்கும் புற்றுக்குள் காணப்படும் குரும்பி. கறையான் புற்றின் உள்ளே துளைகளோடு கடற்பஞ்சுபோல் இருக்கும், பூஞ்சை வளரும் அந்தக் கூட்டைப் பார்த்தவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். சார்க்கண்டில் ஹண்டியா என்னும் அரிசிக் கள்ளுக்கு இன்றும் ‘ராணு’ என்ற மாத்திரைபோன்ற அடையைச் சேர்க்கிறார்கள். இந்தோனேசியாவில் அதன் பெயர் ‘ராகி’. பூஞ்சையும் ஈஸ்ட்டும் சேர்ந்து வளர்ந்த மாவுக் கட்டிகள் அவை. நல்லடை முளைமாவா, பூஞ்சையடையா, இரண்டும் கலந்ததா என்பதை உவமையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. எதுவானாலும், இது மரத்தில் இறக்கிய கள் அன்று. தானியத்தில் ஆக்கிய, பீரின் உறவுடைய குடிவகை. அதே நூலில் வரும் ‘தோப்பி’ என்ற சொல்லும் வீட்டில் சமைத்த நெற்கள்ளையே குறிக்கிறது. கள் ஆக்குவதை ‘அடுதல்’ என்று, சோறு சமைப்பதற்குரிய சொல்லாலேயே சொன்னார்கள்.

சங்க நூல்கள் வேறு கலன்களையும் காட்டுகின்றன. மலைவாணர் தேனில் ஆக்கிய தேறலை நீண்ட மூங்கிற் குழாய்க்குள் முற்ற விட்டதைத் திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் சொல்கின்றன. மண்ணுக்குள் புதைத்து முதிரவிட்ட மது புறநானூற்றில் வருகிறது. புதைப்பதால் கலனின் வெப்பம் பகலிலும் இரவிலும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். வெயில் கடுமையான நாட்டில் இது சிறிய உதவியன்று.

கடல்வழி வந்த கலன்

கடலூருக்கு வடக்கே 20 கிலோமீட்டருக்குள் இருக்கிறது அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் பகுதியின் ஆம்போரா என்னும் இருபிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த மறு அகழாய்விலும் அவை கிடைத்தன. பெரும்பாலானவை மது வந்த சாடிகள். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் ஏந்திப் பருகும் பாண்டியன் புறநானூற்றுப் பாடலில் இருக்கிறான். அந்தக் கலங்கள் எப்படி இருந்தன என்பதை அரிக்கமேட்டு ஓடுகள் காட்டுகின்றன.

மெருகிடாத சுட்டமண் நீரை மெல்ல உறிஞ்சிக் கசியவிடும். மாதக்கணக்கில் கப்பலில் வரும் மது அப்படிக் கசிந்தால் அளவும் குறையும், கெட்டும் போகும். அதனால் மத்தியதரைக் கடல் நாடுகளில் மதுச்சாடியின் உட்புறத்தில் ஊசியிலை மரப்பிசினை உருக்கிப் பூசினர். கலனின் உட்சுவரில் ஒரு பூச்சு கொடுத்து உள்ளிருப்பதைக் காப்பது என்ற எண்ணம் இவ்வட்டாரக் கடற்கரைக்குப் புதிதன்று என்று சொல்லலாம். ஆனால் பிசின் கசிவை அடைத்ததே தவிர நொதிப்பை நிறுத்தவில்லை. நொதிப்பை நிறுத்திய பூச்சு பனைமரத்தடியில் பிறந்தது.

மரத்தில் தொங்கும் கலன்

தானியக் கள் எப்போது தமிழகத்தில் வழக்கொழிந்தது என்பதற்கு நாள் குறிக்க இயலாது. சோழர் காலத்தில் பேசப்படுவது மரக்கள்தான். பல்லவ, சோழச் செப்பேடுகளில் ‘ஈழம்பூட்சி’ என்ற வரி கள்ளிறக்குவோர்மீது விதிக்கப்பட்டதாக வருகிறது. ஆனைமங்கலச் செப்பேடு போன்றவை, கொடையாக விடப்பட்ட நிலத்துத் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்று நிபந்தனை விதிக்கின்றன. அரசன் தானம் செய்யும்போது மரத்தில் யார் ஏறலாம் என்பதையும் சேர்த்து எழுதும் வழக்கம் அவ்வளவு பழையது.

பனையில் பருவம் தை, மாசியில் தொடங்கி ஆடி வரை நீளும். ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் பாளை சீவலாம். பாளை வெளிவந்ததும் அதைக் கடிப்பு எனப்படும் மரக்கருவியால் இடுக்கி நசுக்கி, நுனியை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவி வருவார்கள். சில நாட்கள் இப்படிப் பதப்படுத்திய பிறகே சாறு சொட்டத் தொடங்கும். அதன்பின் காலையும் மாலையும் ஏறியே ஆக வேண்டும். ஒருநாள் சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். பனையேறியின் இடுப்பில் பாளைக்கத்தி இருக்கும் பெட்டியோடு சுண்ணாம்பும் இருக்கும். மரத்தின் உச்சியில், ஒரு கையால் மட்டையைப் பிடித்தபடி, இறக்கிய கலயத்துக்குப் பதிலாக வேறு கலயத்தைக் கட்டுவது அன்றாட வேலை.

சொட்டும் சாறு தூயதாக இருக்கும்போது இனிப்பும் நடுநிலையும் உடையது. நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை சர்க்கரை, பெரும்பாலும் கரும்புச் சர்க்கரையே. அதில் ஈஸ்ட் குடியேற யாரும் அதைச் சேர்க்க வேண்டியதில்லை. வெட்டுவாயிலும், பாளையை மொய்க்கும் தேனீ, ஈ ஆகியவற்றின் காலிலும், கலயத்தின் நுண்துளைகளிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. பீர் காய்ச்சுபவர் கொதிக்க வைத்து, ஆற்றி, விலைக்கு வாங்கிய ஈஸ்ட்டை இட்டு, மூடி வைக்கிறார். கள்ளில் இந்த நான்கு படியும் இல்லை. முதல் துளி விழுந்த நிமிடத்திலேயே நொதிப்பு தொடங்கிவிடுகிறது.

அதனால் கள்ளுக் கலயம் கழுவப்படும் முறைக்கும் பதநீர்க் கலயம் கழுவப்படும் முறைக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. கள்ளுக்குரிய கலயம் அதிகமாகத் தேய்க்கப்படாது. சுவரில் ஊறிய பழைய கள்ளே அடுத்த நாளின் உறை. தயிருக்கு முந்தைய நாள் மோர் எப்படியோ அப்படி. முதலில் ஈஸ்ட்டும், பாலைப் புளிக்க வைக்கும் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்களும், சைமோமோனஸ் என்னும் சாராயம் ஆக்கும் பாக்டீரியாவும் ஒன்றாக வேலை செய்கின்றன. ஒரு நாளுக்குள் சாராய அளவு நூற்றுக்கு நான்கைந்து பங்கைத் தொடும், அதாவது ஒரு சாதாரணப் பீரின் அளவு. அதற்குப்பின் காற்றை விரும்பும் அசிட்டிக் பாக்டீரியா மேலெழுந்து அதைக் காடியாக்கத் தொடங்கும். இரண்டு மூன்று நாள் கழித்துக் குடிக்க முடியாது. கள் தொலைவுக்குப் போகாத சரக்காக இருந்ததற்கும், கள்ளுக்கடை தோப்புக்கு அருகிலேயே இருந்ததற்கும் காரணம் இதுவே.

லூயி பாஸ்டர் பீரின் ‘நோய்கள்’ பற்றிய நூலை வெளியிட்டது 1876-இல். பீர் புளிப்பதும் கெடுவதும் வேண்டாத நுண்ணுயிர்களால் என்பதை அது ஐரோப்பியத் தொழிற்சாலைகளுக்கு உணர்த்தியது. 1883-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உண்டாக்கினார். பனையேறிகளுக்கு இந்த விளக்கம் தேவைப்படவில்லை. நுண்ணுயிரைப் பாராமலே அதை நிறுத்தும் பொருள் அவர்களிடம் இருந்தது.

சுண்ணாம்பு செய்யும் வேலை

தென்னார்க்காட்டுக் கடற்கரையில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. கெடிலம், பெண்ணை, வெள்ளாறு ஆகியவை கடலில் சேரும் முகங்களிலும், பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து உப்பங்கழிகளிலும் கிளிஞ்சல் கிடைக்கிறது. கிளிஞ்சலைக் கரியோடு அடுக்கிச் சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். நீர் தெளித்தால் அது சீறிக் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். வெற்றிலைக்கும் சுவருக்கும் கலயத்துக்கும் பயன்பட்டது ஒரே பொருள்தான்.

சாறு அந்தப் பூச்சின்மேல் விழும்போது காரத்தன்மை மிகுந்துவிடுகிறது. ஈஸ்ட்டுக்கும் பால்புளிப்புப் பாக்டீரியாவுக்கும் ஏற்றது இலேசான புளிப்பு. கடுங்காரத்தில் அவை பெருக முடிவதில்லை. சர்க்கரையை உடைக்கும் அவற்றின் நொதியும் செயலிழக்கிறது. மஞ்சளோடு சேர்ந்தால் ஆரத்தி நீரைச் சிவப்பாக்குவதும் இதே காரத்தன்மைதான்.

பூச்சு ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்க வேண்டும். ஒருமுறை பூசி ஒரு வாரம் விட்டுவிட முடியாது. நீற்றுச் சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லச் சுண்ணக்கல்லாக மாறிவிடும். பார்வைக்கு அப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும், வேலை மட்டும் செய்யாது. போதாக்குறைக்குச் சாறும் அதைக் கரைத்துக்கொண்டு போகும். பூச்சு மெல்லியதாக இருந்தால் பதநீர் அரைப்புளிப்பாக இறங்கும். காய்ச்சினால் கருப்பட்டி உறையாமல் பாகாகவே நிற்கும். பூச்சு தடித்தால் வாயில் காரம் கீறும், கருப்பட்டியின் நிறமும் சுவையும் கெடும். எவ்வளவு போதும் என்பதைக் கை சொல்லும். வெக்கை மிகுந்த நாளில் கொஞ்சம் கூடுதலாகப் பூசுவார்கள், ஏனெனில் சூட்டில் நொதிப்பு விரைவு.

குடிப்பதற்கான பதநீரைச் சற்று நேரம் அசையாமல் வைத்துத் தெளிவை மட்டும் இறுத்தெடுப்பார்கள். பிற்காலத்தில் சர்க்கரை செய்யும் இடங்களில், கரைந்த சுண்ணாம்பை நீக்கக் கரியமில வாயுவைச் செலுத்துவதும் சூப்பர் பாஸ்பேட் சேர்ப்பதும் வழக்கமாயின.

வேறு ஊர்களில் வேறு விடைகள் இருந்தன. கொங்குநாட்டில் தெளுவு என்றும் யாழ்ப்பாணத்தில் கருப்பநீர் என்றும் வழங்கும் பதநீருக்கும் சுண்ணாம்புதான். சிங்களப் பகுதிகளில் ‘ஹல்’ என்ற மரத்தின் பட்டையைக் கலயத்தில் இடுவார்கள். அதன் துவர்ப்புப் பொருள் நொதிப்பைத் தாமதப்படுத்தும். வங்காளத்தில் குளிர்காலத்து ஈச்சஞ்சாற்றுக்கு மண்பானையைத் தீயில் காட்டிப் புகையூட்டுவார்கள். பனிக்கால இரவுகள் வங்காளத்துக்கு உதவுகின்றன. சித்திரை வெயிலில் பாளை சீவும் தமிழ்நாட்டில் புகை மட்டும் போதாது.

மரவரி

1886-இல் சென்னை மாகாண ஆப்காரிச் சட்டம் வந்தது. தென்னை, பனை, ஈச்சை போன்ற மரங்களின் சாறு, நொதித்திருந்தாலும் நொதிக்காவிட்டாலும், அந்தச் சட்டத்தின்படி கள்தான். கள்ளிறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வரி, கள்ளுக்கடைகள் ஏலத்தில். ஆனால் இந்த வரையறையை அப்படியே நடைமுறைப்படுத்தினால் கருப்பட்டி காய்ச்சும் குடும்பங்கள் எல்லாம் வரிக்குள் வந்துவிடும். எனவே உட்புறத்தில் புதிதாகச் சுண்ணாம்பு பூசிய கலயத்தில் இறக்கும் இனிப்புச் சாற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ‘புதிதாக’ என்ற அந்தச் சொல்லில் மேலே சொன்ன வேதியியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் அதைப் பனையேறிகளிடமிருந்தே கற்றிருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் நடைமுறைப் பொருள் வேறு. மரத்தின் உச்சியில் தொங்கும் கலயம் ஆப்காரிச் சேவகர் எட்டிப் பார்க்கும் ஆவணமாகிவிட்டது. வரி கட்டாத மரத்துக் கலயத்தில் பூச்சு தேய்ந்திருந்தால் அது அக்கறையின்மையா, கள்ளத்தனமா என்று முடிவு செய்பவர் கீழே நிற்கும் அதிகாரி. மழைநாளில் சுண்ணாம்பு கரைந்து சாறு தானாகப் புளித்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் மரமேறியே.

அதே காலத்தில் சாராயம் பெரிய ஆலைகளின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. கடலூருக்கு மேற்கே நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தாரின் சர்க்கரை ஆலை 1842-ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கியது. 1897-இல் அந்தத் தொழில்கள் கிழக்கிந்திய வடிப்பாலை, சர்க்கரை ஆலை நிறுவனம் என்ற பெயரில் திரட்டப்பட்டன. ஆங்கிலேயப் படைகளுக்கான பீர் நீலகிரியிலும் பெங்களூரிலும் காய்ச்சப்பட்டு மரப்பீப்பாய்களில் மாட்டுவண்டியேறியது. அந்த ஆலைகள் சிலவற்றை இணைத்து 1915-இல் தாமஸ் லெய்ஷ்மன் உருவாக்கியதே யுனைடெட் புரூவரீஸ். மண்கலயமும் மரப்பீப்பாயும் செப்புவாலையும் ஒரே மாகாணத்தில், ஒரே சட்டத்தின்கீழ் இருந்தன. ஆனால் கண்காணிப்பின் சுமை மிகுதியாக விழுந்தது முதலாவதன்மேல்.

மதுவிலக்கு வந்தபோது

தேசிய இயக்கம் கள்ளுக்கடை மறியலைக் கையிலெடுத்தபோது மரங்களும் தப்பவில்லை. ஈ.வெ.ராமசாமி தம் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்தது பலரும் அறிந்த செய்தி. மரத்தை வெட்டுவதற்கு மாற்றாகக் கலயத்தில் சுண்ணாம்பு பூசலாம் என்ற வழியைக் காந்தியின் கிராமக் கைத்தொழில் இயக்கம் முன்வைத்தது. நீராவும் பனைவெல்லமும் அவ்வியக்கத்தின் திட்டங்களுள் முக்கியமானவை.

1937-இல் சி. இராஜகோபாலாச்சாரியின் அமைச்சரவை சென்னை மதுவிலக்குச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் அது நடைமுறைக்கு வந்தது. வேலையிழந்த மரமேறிகளுக்கு இனிப்புச் சாறு இறக்க உரிமமும், வெல்லக் கூட்டுறவுச் சங்கங்களும் தரப்பட்டன. 1948 அக்டோபர் 2 முதல் தென்னார்க்காடு உட்பட மாகாணம் முழுவதும் மதுவிலக்கு.

காகிதத்தில் இது எளிய மாற்றம்: கலயம் அதே, மரம் அதே, பூச்சு மட்டும் கூடுதல். தோப்பில் அது அவ்வளவு எளிதாக இல்லை. கள் இறக்கியவுடன் காசாகும். பதநீரோ வெயில் ஏறுமுன் விற்க வேண்டும், இல்லாவிட்டால் காய்ச்ச வேண்டும். காய்ச்ச விறகு வேண்டும், அடுப்பின் முன் மணிக்கணக்கில் ஒருவர் நிற்க வேண்டும். அது பெரும்பாலும் மரமேறியின் மனைவி. வரும் கருப்பட்டிக்கு ஆலைச் சர்க்கரையோடு போட்டி. திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளில் இது தலைமுறைத் தொழிலாக ஏற்கெனவே இருந்ததால் தாங்கியது. கள்ளையே நம்பியிருந்த வடமாவட்டங்களில் மரமேறுவோர் வேறு வேலை தேடினர். தொழிலைக் காப்பதற்கென்று பூசப்பட்ட சுண்ணாம்பு, பல ஊர்களில் தொழில் மெல்ல நின்றுபோவதைத்தான் தாமதப்படுத்தியது.

அதன்பின் விதி பலமுறை மாறியது. 1971-இல் மு. கருணாநிதியின் அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. 1973, 1974-இல் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மீண்டும் மூடப்பட்டன. 1981-இல் எம்.ஜி.ஆர். அரசு அவற்றைத் திறந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவப்பட்டது. 1987 சனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன. கள்ளில் வேதிப்பொருள் கலப்படம் நடப்பதே தடைக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். பின்னர் 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை அரசே நடத்துகிறது. அங்கே பீர் கிடைக்கும், கள் கிடைக்காது. ஏறக்குறைய ஒரே அளவு சாராயமுள்ள இரண்டு குடிவகைகளில் ஆலையில் ஆவது சட்டத்துக்கு உட்பட்டதாகவும் மரத்தில் ஆவது குற்றமாகவும் இருப்பதைக் கள் இயக்கத்தினரும் விவசாயிகளும் தொடர்ந்து எதிர்த்து வருகின்றனர்.

ஆல்பேட்டைக்கு அப்பால்

கடலூரில் இந்த முரண் கண்ணுக்கு எதிரே தெரியும். மஞ்சக்குப்பத்திலிருந்து வடக்கே போனால் ஆல்பேட்டைச் சோதனைச்சாவடி, அடுத்துப் பெண்ணையாறு, சற்றுத் தள்ளிப் புதுச்சேரியின் பாகூர்ப் பகுதி. அங்கே கள்ளுக்கடைக்கும் சாராயக்கடைக்கும் ஏலம் உண்டு. 1954 நவம்பர் வரை அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சுக்காரர் போன பின்னும் கலால் எல்லை போகவில்லை. ஆற்றுக்கு வடபுறம் சுண்ணாம்பு பூசாத கலயம் தொழில், தென்புறம் வழக்கு. சோதனைச்சாவடியில் நிற்கும் காவலர்கள் தேடுவது பெரும்பாலும் புட்டிகளை. கள் அவ்வளவு தூரம் பயணம் செய்யாது, செய்தாலும் நுரைத்து மூடியைத் தள்ளிவிடும்.

கள்ளுக்கலயம் இல்லாமற்போன இடத்தை நிரப்பியது எல்லா இடத்திலும் டாஸ்மாக் பீர் அன்று. 2023 மே மாதம் மரக்காணம் அருகிலும், 2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நச்சுச்சாராயம் குடித்தோர் இறந்தனர்; கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர். இரண்டு ஊர்களும் பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்தவை. கொன்றது மெத்தனால். அது எந்த அழுக்குக் கலயத்திலும் அந்த அளவில் விளைவதில்லை. அழுக்கான கலன் புளிப்பும் நாற்றமும் வயிற்றுக்கோளாறும் தரும்; ஊரையே சாய்க்கும் அளவு மெத்தனால் தொழிற்சாலைகளின் கரைப்பான் வழியாகத்தான் வருகிறது. கள்ளைத் திறந்துவிட்டால் இந்தச் சாவுகள் நிற்கும் என்று வாதிடுவோர் உண்டு. கள்ளிலும் கலப்படம் வரும் என்று மறுப்போரும் உண்டு. ஆனால் நொதிப்பின் கேட்டையும் கலப்பட நஞ்சையும் ஒன்றாகப் பேசுவது இந்த விவாதத்தைக் குழப்புகிறது.

வாளியும் புட்டியும்

மேலைநாடுகளில் வீட்டில் பீர் காய்ச்சுவதும் நெடுநாள் சட்டச் சிக்கலில் இருந்தது. பிரிட்டனில் 1963-இல் அதற்கான உரிமக் கட்டாயம் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் கூட்டாட்சித் தடை விலகியது. அதன்பின் உணவுத்தரப் பிளாஸ்டிக் வாளி, பெரிய கண்ணாடிக் குடுவை, வாயுவை வெளியேவிட்டுக் காற்றை உள்ளேவிடாத நீர்ப்பூட்டு ஆகியவை வீட்டுக் காய்ச்சுநரின் அடையாளங்களாயின. கலனில் கீறல் விழக்கூடாது என்று அவர்கள் சொல்வதன் காரணம் மண்கலயத்தின் நுண்துளை பற்றி மேலே கண்டதுதான்: கீறலுக்குள் நுண்ணுயிர் ஒளிந்துகொள்ளும். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு என்பதும் அவர்களின் முதல் பாடம்; அழுக்குப் படிந்த பரப்பில் எந்த மருந்தும் வேலை செய்யாது.

அவர்கள் தொடக்கத்தில் பயன்படுத்திய மலிவான மருந்துகளுள் ஒன்று குளோரின் வெளுப்பான். அதன் மூத்த வடிவமான பிளீச்சிங் பவுடர், 1799-இல் சார்லஸ் டெனன்ட் நீற்றுச் சுண்ணாம்பில் குளோரினைச் செலுத்திச் செய்தது. பின்னர் அயோடின் கரைசல்களும் பாசுபாரிக் அமிலம் கலந்த நுரைப்பான்களும் வந்தன. பனையேறி காரத்தால் செய்ததை இவை அமிலத்தால் செய்கின்றன. நோக்கம் மட்டும் எதிர்த்திசை. பீர்க்காரர் ஒரு உயிரை மட்டும் வாழவிட்டு மற்றவற்றை அகற்றுகிறார். பதநீர் இறக்குபவர் எதையும் பெருகவிடுவதில்லை. தமிழ்நாட்டில் உரிமமின்றி வீட்டு வாளியில் பீர் நொதிக்க வைப்பதும் 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிடிக்குள் வருவதே.

சுண்ணாம்பின் இடத்தைப் பிடிக்க அண்மையில் வந்திருப்பது குளிர். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் தென்னம்பாளையில் பொருத்தும் குளிர்பெட்டி ஒன்றை உருவாக்கியது. உள்ளே பனிக்கட்டி சூழ்ந்த பையில் சாறு சொட்டும். சுண்ணாம்பு வேண்டாம், ‘கல்பரசா’ என்ற பெயரில் அது விற்கப்படுகிறது. 2017-இல் தமிழ்நாடு அரசு தென்னையிலிருந்து நீரா இறக்க விதிகள் வகுத்தது. அங்கும் உரிமம் பெறுவோர் நொதிப்பைத் தடுக்கும் முறையைக் கையாள வேண்டும் என்பது நிபந்தனை. புளித்தால் அது கள், கள்ளுக்குத் தடை. பனையில் பதநீர் இறக்குபவர்களின் இடுப்புப் பெட்டியில் இன்றும் சுண்ணாம்பே இருக்கிறது. காலையில் இறக்கிய கலயத்தைக் கழுவிக் கவிழ்த்து வெயிலில் காயவைத்து, மாலை ஏறுமுன் மீண்டும் பூசிக்கொள்கிறார்கள்.